தரவுத்தளச் செயல்திறனுக்கான சேமிப்பக வடிவமைப்பு

தரவுத்தளச் சேமிப்பக வடிவமைப்பு என்பது, ஒரு தரவுத்தளம் தன் தரவுகளை எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் வட்டுகள், அவற்றை இயக்கும் கட்டுப்படுத்திகள், பதுக்கு நினைவகங்கள், இவற்றை இணைக்கும் வலையமைப்பு ஆகியவற்றை வேலைச்சுமைக்கு ஏற்றவாறு தேர்ந்தெடுத்து ஒழுங்கமைக்கும் பணியாகும். ஒரு நிறுவனம் சேமிப்பகம் வாங்கும்போது பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, எத்தனை டெராபைட்டு தேவை என்பதே. கொள்ளளவு போதாவிட்டால் தரவுத்தளம் நின்றுவிடும் என்பது உண்மை. ஆயினும் அது வேகமாக இயங்குமா என்பதைக் கொள்ளளவு சொல்வதில்லை. ஒரு நொடியில் எத்தனை முறை வட்டை அணுக முடியும், ஒவ்வோர் அணுகலுக்கும் எவ்வளவு நேரம் ஆகும், எழுதிவிட்டதாக வட்டு அறிவித்தது மின்சாரம் நின்றாலும் நிலைத்திருக்குமா என்னும் மூன்று கேள்விகளே இத்துறையின் மையமானவை.

தரவுத்தளம் வட்டை அணுகும் முறை

தரவுத்தள மென்பொருள்கள் தரவுகளைப் பக்கங்களாகப் பகுத்து வைக்கின்றன. போசுகிரெசு, எசுக்யூஎல் சர்வர் ஆகியவற்றில் ஒரு பக்கத்தின் அளவு 8 கிலோபைட்டு. மைஎசுக்யூஎல் மென்பொருளின் இன்னோடிபி பொறியில் இயல்பாக 16 கிலோபைட்டு. ஒரு வரிசையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தப் பக்கம் முழுவதும் நினைவகத்திற்கு வந்து, பின்னர் முழுவதுமாக வட்டுக்குத் திரும்ப வேண்டும்.

தேவையான பக்கம் எங்கே உள்ளது என்பதைக் காட்டுவது சுட்டுவரிசை. இதற்குப் பரவலாகப் பயன்படும் பி-மரம் என்னும் கட்டமைப்பை ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் ஆகியோர் 1972 இல் வெளியான கட்டுரையில் விளக்கினர். ஒரு பக்கத்தில் 200 சுட்டுகள் அடங்கும் எனக் கொண்டால், நான்கு நிலைகள் கொண்ட மரம் 160 கோடி வரிசைகளைச் சுட்டிக்காட்டும். அதாவது 160 கோடியில் ஒன்றைக் கண்டுபிடிக்க நான்கு பக்கங்களைப் படித்தால் போதும். மேல்நிலைப் பக்கங்கள் அடிக்கடி தேவைப்படுவதால் அவை நினைவகத்திலேயே தங்கிவிடும். கடைசி ஓரிரு பக்கங்களுக்கு மட்டும் வட்டை நாட வேண்டியிருக்கும்.

அந்த ஓரிரு பக்கங்கள் வட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம். இவ்வாறு முன்கூட்டி அறிய இயலாத இடங்களுக்குத் தாவித்தாவிச் செல்வது தற்போக்கு அணுகல் எனப்படும். ஒரே இடத்திலிருந்து தொடங்கி நேராகப் படித்துக்கொண்டே செல்வது தொடர் அணுகல். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே சேமிப்பக வடிவமைப்பின் முதற்பாடம்.

நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி நொடி எடுக்கும். தேவையான இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். தலை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 8 மில்லி நொடி ஆகும். மொத்தம் 12 மில்லி நொடி. எனவே ஒரு நொடிக்கு 80 தற்போக்கு அணுகல்களே இயலும். 8 கிலோபைட்டுப் பக்கங்களாகக் கணக்கிட்டால் இது நொடிக்கு 640 கிலோபைட்டு. அதே வன்தட்டு தொடர் அணுகலில் நொடிக்கு 200 மெகாபைட்டு அளவுக்குத் தரவல்லது. ஒரே கருவியில், ஒரே நாளில், முந்நூறு மடங்கு வேறுபாடு! விற்பனைத் துண்டறிக்கைகளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு அணுகல் வேகம் வளரவில்லை

1956 இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் 350 வகை வட்டகமே வணிக அளவில் வந்த முதல் வன்தட்டு. ஐம்பது தகடுகளைக் கொண்ட அது, ஆறு பிட்டுகள் கொண்ட எழுத்துகள் 50 இலட்சத்தைச் சேமித்தது. ஒரு பதிவை அடைய ஏறத்தாழ 600 மில்லி நொடி ஆயிற்று. இன்று கடையில் கிடைக்கும் 20 டெராபைட்டு வன்தட்டு அதைப்போல் 50 இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. அணுகல் நேரமோ 600 இலிருந்து 12 மில்லி நொடிக்குக் குறைந்து, ஐம்பது மடங்கே முன்னேறியுள்ளது. தகடு சுழல வேண்டும், தலை நகர வேண்டும் என்னும் இயந்திர வரம்பே இதற்குக் காரணம்.

இதனால் விளையும் சிக்கல் நுட்பமானது. முன்பு 1 டெராபைட்டு வட்டுகள் இருபதில் பரவியிருந்த தரவுத்தளத்தை, இடமும் மின்சாரமும் மிச்சம் என்று கருதி ஒரே 20 டெராபைட்டு வட்டுக்கு மாற்றினால், கொள்ளளவு அப்படியே இருக்கும். ஆனால் நொடிக்கு 1,600 அணுகல்கள் தந்த அமைப்பு 80 அணுகல்கள் தரும் அமைப்பாகிவிடும். மேம்படுத்திய பிறகு தரவுத்தளம் ஏன் மெதுவானது என்று தேடுவோர் சில வேளைகளில் கடைசியாகவே இக்கணக்கைப் போடுகின்றனர்.

நினைவகத்தின் பங்கு

வட்டை விரைவாக்குவதற்கு மிக எளிய வழி அதை நாடாமல் இருப்பதே. தரவுத்தளங்கள் அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை இடைநிலை நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. நொடிக்கு 10,000 பக்கங்கள் கோரப்படும் ஒரு தரவுத்தளத்தில் 99 விழுக்காடு நினைவகத்திலேயே கிடைத்தால், வட்டுக்குச் செல்பவை 100. அந்த விகிதம் 98 ஆகக் குறைந்தால் 200. பார்வைக்கு ஒரு விழுக்காட்டுச் சரிவு. வட்டுக்கோ இரட்டைச் சுமை. எந்தப் பக்கத்தை நினைவகத்தில் வைப்பது இலாபம் என்பதைப் பொருளாதாரக் கணக்காகவே ஜிம் கிரே, ஜியான்ஃபிராங்கோ புட்சோலு ஆகியோர் 1987 இல் ஆராய்ந்தனர். அன்றைய விலைகளின்படி ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் தேவைப்படும் பக்கத்தை நினைவகத்தில் வைப்பதே மலிவு என்று அவர்கள் கண்ட முடிவு ஐந்து நிமிட விதி எனப்படுகிறது. விலைகள் மாறியதால் நிமிடக் கணக்கும் மாறிவிட்டது. கணக்கிடும் முறை மாறவில்லை.

படிப்பதற்கு நினைவகம் உதவும். எழுதுவதற்கு அந்த அளவு உதவாது. நினைவகம் மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

பதிகையும் உறுதியாக்கலும்

ஒரு பரிவர்த்தனை முடிந்தது என்று தரவுத்தளம் பயனருக்கு அறிவிப்பது உறுதியாக்கல் அல்லது கமிட் எனப்படும். இது ஒரு வாக்குறுதி. பணம் செலுத்தப்பட்டது, இருக்கை ஒதுக்கப்பட்டது என்று சொன்ன மறுகணம் மின்சாரம் நின்றாலும் அது மாறக்கூடாது. இதற்காக மாற்றப்பட்ட பக்கங்கள் அனைத்தையும் உடனே அவற்றின் இடங்களில் எழுத முயன்றால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பல தற்போக்கு எழுதல்கள் தேவைப்படும். மாறாக, என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பதைப் பதிகை என்னும் தனிக் கோப்பின் இறுதியில் சுருக்கமாக எழுதி, அது வட்டில் நிலைபெற்றதும் உறுதியாக்கலை அறிவித்துவிடலாம். பக்கங்களைப் பிறகு ஆறுதலாக எழுதிக்கொள்ளலாம். பதிகை எழுதல் தொடர் அணுகலாதலால் விரைவாக நடக்கும். இம்முறை முன்பதிகை முறை எனப்படுகிறது.

பழுதுக்குப் பின் பதிகையைக் கொண்டு தரவுத்தளத்தைச் சரியான நிலைக்கு மீட்கும் நெறிமுறைகளுள் ஏரீசு என்பது பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. இதனை ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் சி. மோகனும் அவருடைய உடனாய்வாளர் நால்வரும் 1992 இல் வெளியிட்டனர். மோகன் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்று, 1977 இல் அமெரிக்கா சென்று டெக்சசு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1997 இல் ஐபிஎம் ஃபெல்லோ என்னும் தகுதி அவருக்கு வழங்கப்பட்டது. பல வணிகத் தரவுத்தளங்களின் மீட்புப் பகுதிகள் ஏரீசு கருத்துகளை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன.

சேமிப்பகத்தை வடிவமைப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி தெளிவானது. பதிகை எழுதப்படும் இடமே முழுத் தரவுத்தளத்தின் கழுத்து. அது குறுகலாக இருந்தால் மற்ற இடங்களில் எத்தனை வட்டுகளைச் சேர்த்தும் பயனில்லை. வன்தட்டுகளின் காலத்தில் பதிகைக்கெனத் தனி வட்டை ஒதுக்குவது வழக்கமாயிற்று. தரவுப் பக்கங்களுக்காகத் தலை அங்குமிங்கும் அலைந்தால் பதிகையின் தொடர்த்தன்மை கெட்டுவிடும் என்பதே காரணம். பல பரிவர்த்தனைகளின் பதிகைகளைச் சேர்த்து ஒரே எழுதலில் முடிக்கும் கூட்டு உறுதியாக்கலும் இக்கழுத்தை அகலப்படுத்தும் உத்திதான்.

இங்குக் கருவிகள் உண்மை பேசுகின்றனவா என்னும் கேள்வி எழுகிறது. பல வட்டுகள் தமக்குள் சிறிய பதுக்கு நினைவகத்தைக் கொண்டுள்ளன. தரவு அந்த நினைவகத்தை அடைந்தவுடனேயே, தகட்டில் எழுதும் முன், எழுதியாயிற்று என்று அவை விடை தரக்கூடும். இதைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. 7,200 சுற்று வன்தட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரே பயனர் ஒன்றன்பின் ஒன்றாக, பதிகையின் இறுதியில், உறுதியாக்கல்களைச் செய்தால் ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். எனவே நொடிக்கு 120 ஐத் தாண்ட இயலாது. சோதனையில் 2,000 என்று வந்தால், மகிழ்வதற்கு முன் அந்த வட்டு எங்கே எழுதுகிறது என்று விசாரிக்க வேண்டும். மின்கலம் அல்லது மின்தேக்கியின் பாதுகாப்புடைய பதுக்கு நினைவகம் கட்டுப்படுத்தியில் இருந்தால் அந்த வேகம் நேர்மையானது. இல்லையெனில் அடுத்த மின்தடையின்போது உறுதியாக்கிய பரிவர்த்தனைகள் காணாமற்போகலாம். பதிகையும் பக்கங்களும் முறைமாறி எழுதப்பட்டிருந்தால் தரவுத்தளமே திறக்காமலும் போகலாம்.

இயங்குதளமும் இதில் குற்றமற்றதன்று. எழுதியவற்றை வட்டில் நிலைப்படுத்தக் கோரும் எஃப்சிங்க் என்னும் அழைப்பு லினக்சில் ஒருமுறை தோல்வியுற்றபின், அடுத்த முறை அழைத்தால் வெற்றி என்று விடை வரலாம் என்பதும், இடையில் எழுத வேண்டிய பக்கங்கள் கைவிடப்பட்டிருக்கலாம் என்பதும் 2018 இல் போசுகிரெசு உருவாக்குநரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பின. 2019 பெப்ரவரியில் வெளியான திருத்தப் பதிப்புகள் முதல், அவ்வழைப்பு தோல்வியுற்றால் போசுகிரெசு தன் இயக்கத்தை நிறுத்திப் பதிகையிலிருந்து மீட்கத் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டுவந்த மென்பொருளில் இவ்வளவு அடிப்படையான ஓர் எடுகோள் சோதிக்கப்படாமல் இருந்தது வியப்புக்குரியது.

எடுத்துக்காட்டு: இந்திய இரயில்வே முன்பதிவு

இந்தியாவில் பெரும்பாலோர் அறிந்தோ அறியாமலோ பயன்படுத்தும் பெருந்தரவுத்தளங்களுள் ஒன்று இரயில்வேயின் பயணிகள் முன்பதிவு அமைப்பு. 1985 இல் புதுதில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்ட இது, பின்னர் கான்சர்ட் என்னும் மென்பொருளின் கீழ் புதுதில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களைக் கொண்டதாக வளர்ந்து, 1999 ஏப்ரலில் முழுமையாக வலையமைக்கப்பட்டது. ஒவ்வொரு தொடர்வண்டியின் இருக்கைக் கணக்கையும் ஏதேனும் ஒரு மையமே வைத்திருக்கும்; பிற இடங்களிலிருந்து வரும் கோரிக்கைகள் அம்மையத்துக்கு அனுப்பப்படும். ஒரே இருக்கையை இருவருக்கு விற்றுவிடாமல் இருப்பதற்கு இது நல்ல ஏற்பாடு.

சேமிப்பக நோக்கில் இவ்வமைப்பின் கடினமான கணம் தத்கால் முன்பதிவு திறக்கும் நேரம். 2015 முதல் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் பிற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் அது திறக்கிறது. கிருஷ்ணகிரி நகரில் இருப்புப்பாதையே இல்லாவிட்டாலும், ஓசூர் முதல் குருபரப்பள்ளி வரை நீண்டு கிடக்கும் தொழிற்பகுதியில் பணியாற்றும் பிற மாநிலத் தொழிலாளர் பலர் அந்நேரத்தில் கைப்பேசியுடன் காத்திருப்போரில் அடங்குவர். ஊருக்குச் செல்லும் நாள் அந்தச் சில நொடிகளில் முடிவாகிறது.

அந்நேரத்தில் வரும் கோரிக்கைகளை இரண்டாகப் பிரிக்கலாம். இடம் உள்ளதா என்று வினவுவோர் மிகப் பலர், இவை படித்தல்கள். உண்மையில் பதிவு செய்பவை அவற்றினும் குறைவு. ஆனால் அவை எழுதல்கள். அதுவும் ஒரே வண்டியின் ஒரே நாளுக்குரிய சிறு எண்ணிக்கையிலான பதிவுகளின் மீதே ஆயிரக்கணக்கானோர் மோதுகின்றனர். இரு பரிவர்த்தனைகள் ஒரே பதிவை ஒருங்கே மாற்றாமலிருக்கத் தரவுத்தளம் அதைப் பூட்டி வைக்கும். முன்பதிகை முறையைப் பின்பற்றும் பொதுவான தரவுத்தளம் ஒன்றில், பதிகை வட்டில் நிலைபெறும் வரை பூட்டு நீடிக்கும் எனக் கொள்வோம். பதிகை எழுத 5 மில்லி நொடி ஆனால் அப்பதிவை நொடிக்கு 200 முறைக்கு மேல் மாற்ற இயலாது. 0.2 மில்லி நொடியானால் 5,000 முறை மாற்றலாம். இது விளக்கத்துக்கான கணக்கேயன்றி இரயில்வேயின் அளவீடு அன்று. ஆயினும் இத்தகைய நெரிசலில் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஏன் பயன்தராது என்பதை இது காட்டுகிறது. நூறு வட்டுகள் இருந்தாலும் ஒரு பூட்டு ஒரு பூட்டுதான். அது திறக்கும் நேரத்தைக் குறைக்கும் சேமிப்பகமே தேவை.

படித்தல்களின் சுமையை முதன்மைத் தரவுத்தளத்திலிருந்து விலக்குவது இன்னொரு வழி. 2014 ஏப்ரலில் ஐஆர்சிடிசி இணையத்தளத்துக்காக நடைமுறைக்கு வந்த புதிய தலைமுறை மின்பயணச்சீட்டு அமைப்பில், ஜெம்ஃபயர் என்னும் நினைவகத் தரவு மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. நிமிடத்துக்கு 2,000 பயணச்சீட்டுகளாக இருந்த திறன் 7,200 ஆக உயர்த்தப்பட்டதாக அப்போது அறிவிக்கப்பட்டது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 பயணச்சீட்டுகள் பதிவாயின.

ரெய்டு

ஒரு வட்டு பழுதானாலும் தரவு இழக்கப்படாமலிருக்கப் பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை ரெய்டு எனப்படும். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்சு ஆகியோர் 1988 இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் நிலைபெற்றது. தரவுத்தளத்துக்கு எந்த வகை ரெய்டு ஏற்றது என்பது எழுதல்களின் பங்கைப் பொறுத்தது. ரெய்டு 10 இல் ஒவ்வோர் எழுதலும் இரு வட்டுகளில் நிகழும். ரெய்டு 5 இல் ஒரு சிறு எழுதலுக்குப் பழைய தரவையும் பழைய சரிபார்ப்புத் தரவையும் படித்துப் புதியன இரண்டையும் எழுத வேண்டும். ஆக நான்கு அணுகல்கள். இரட்டைச் சரிபார்ப்புடைய ரெய்டு 6 இல் ஆறு.

குருபரப்பள்ளியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை இயங்குவதாகக் கற்பனை செய்துகொள்வோம். பணிமுறை மாறும் நேரத்தில் வருகைப்பதிவு, இயந்திரப் பதிவுகள், கிடங்குக் கணக்கு எல்லாம் சேர்ந்து அதன் தரவுத்தளம் நொடிக்கு 1,000 படித்தல்களும் 500 எழுதல்களும் கோருகிறது. வாங்கப்போவது நொடிக்கு 180 அணுகல்கள் தரும் 15,000 சுற்று வன்தட்டுகள். ரெய்டு 10 எனில் வட்டுகள் மீது விழும் சுமை 2,000. அதற்கு 12 வட்டுகள் வேண்டும். ரெய்டு 5 எனில் சுமை 3,000, வட்டுகள் 17. ரெய்டு 6 எனில் 4,000, வட்டுகள் 23. கொள்ளளவை வீணாக்கும் முறை என்று கருதப்படும் ரெய்டு 10, அணுகல் கணக்கில் சிக்கனமானதாகிறது. மாதம் ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை படிக்கப்படும் ஆவணக் களஞ்சியம் ஒன்றுக்கு இக்கணக்கு தலைகீழாகும்.

வட்டு பழுதானபின் மாற்று வட்டில் தரவை மறுபடி நிரப்பும் நேரமும் கருதத்தக்கது. 20 டெராபைட்டை நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் 27 மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வேளையில் தரவுத்தளம் மெதுவாக இயங்கும்; ரெய்டு 5 எனில் இரண்டாவது வட்டும் பழுதானால் எல்லாம் போயிற்று. மேலும் ரெய்டு, காப்புநகலுக்கு மாற்றன்று. தவறாக அழிக்கப்பட்ட ஓர் அட்டவணை எல்லா வட்டுகளிலும் ஒரே நேரத்தில் ஒழுங்காக அழிந்துவிடும்.

காத்திருப்பு வரிசை

மேற்கண்ட 12 வட்டுகள் கணக்குக்குப் பொருந்துவன, நடைமுறைக்குப் போதா. ஒரு வட்டு முழுத்திறனை நெருங்கும்போது கோரிக்கைகள் வரிசையில் நிற்கத் தொடங்கும். எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, ஒரு கோரிக்கையை முடிக்க 5 மில்லி நொடி ஆகும் வட்டு பாதித் திறனில் இயங்கும்போது சராசரி விடைநேரம் 10 மில்லி நொடி. 80 விழுக்காட்டில் 25, 90 விழுக்காட்டில் 50, 95 விழுக்காட்டில் 100 மில்லி நொடி. சுங்கச்சாவடியில் வண்டிகள் மெல்ல மெல்லக் கூடும்போது வரிசை திடீரென நெடுஞ்சாலைவரை நீள்வதும் இதே கணிதத்தால்தான். ஆகவே உச்சநேரச் சுமை முழுத்திறனில் 60 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டாதவாறு திட்டமிடுவது நல்ல வழக்கம். உச்சநேரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் முழுவதற்குமான சராசரியை வைத்து வாங்கப்பட்ட சேமிப்பகம், பயனர்கள் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும்.

திண்மநிலைச் சேமிப்பிகள்

எசுஎசுடி என்று வழங்கும் திண்மநிலைச் சேமிப்பிகள் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாசு நினைவகத்தை அடிப்படையாகக் கொண்டவை. சுழலும் பகுதி இல்லாததால் தற்போக்குப் படித்தல் ஏறத்தாழ 0.1 மில்லி நொடியில் முடிகிறது; பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றுவதால் நொடிக்கு இலட்சக்கணக்கான அணுகல்கள் சாத்தியமாகின்றன. மேற்கூறிய தொழிற்சாலையின் சுமையைத் தாங்க இரண்டு போதும்; இரண்டாவது, முதலாவது பழுதானால் கைகொடுப்பதற்கு. புதிதாக அமைக்கப்படும் பரிவர்த்தனைத் தரவுத்தளத்துக்கு வன்தட்டைப் பரிந்துரைக்க இன்று காரணம் அரிது. காப்புநகல்களுக்கும் பழைய ஆவணங்களுக்கும் வன்தட்டு இன்னும் மலிவாகப் பொருந்துகிறது.

எனினும் இவற்றில் சிறு துண்டை மட்டும் அழித்து எழுத இயலாது. அழித்தல் பெரிய தொகுதிகளாகவே நடைபெறும் என்பதால், உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொகுதியை அழிக்கிறது. தரவுத்தளம் எழுதியதைவிடச் சேமிப்பி எழுதுவது மிகுதியாகும். இது எழுதல் பெருக்கம் எனப்படும். சேமிப்பி நிரம்ப நிரம்ப இப்பெருக்கம் கூடி வேகம் குறையும். புதிய சேமிப்பியில் சில நிமிடங்கள் செய்யும் சோதனை இதைக் காட்டாது. வீட்டுக் கணினிக்கென விற்கப்படும் வகைகள் பலவற்றில் மின்தடைக்கால மின்தேக்கிகள் இல்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தொடர்ந்து புதிய பதிவுகள் வந்து குவியும் இடங்களில் பி-மரத்துக்கு மாற்றாகப் பதிகைக் கட்டமைப்பு இணைப்பு மரம் பயன்படுகிறது. பாட்ரிக் ஓ'நீலும் உடனாசிரியர்களும் 1996 இல் விளக்கிய இக்கட்டமைப்பு, வருபவற்றை நினைவகத்தில் சேர்த்து வரிசைப்படுத்திப் பெருந்தொகுப்புகளாக எழுதுகிறது. கிருஷ்ணகிரி போன்ற சுங்கச்சாவடிகளில் பாசுடேக் வில்லை படிக்கப்படும்போது உருவாகும் பதிவுகள் இவ்வகைச் சுமைக்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒருமுறை எழுதப்பட்டபின் பெரும்பாலானவை மாறுவதே இல்லை.

தொலைவும் படியாக்கமும்

ஒரு மையமே அழிந்தாலும் தரவு பிழைக்க, வேறிடத்தில் படி ஒன்று வேண்டும். ஒத்திசைப் படியாக்கத்தில் இரு இடங்களிலும் எழுதிய பின்னரே உறுதியாக்கல் அறிவிக்கப்படும், ஒன்றும் இழக்கப்படாது. ஒத்திசையாப் படியாக்கத்தில் படி சற்றுப் பின்தங்கி வரும். விபத்தின்போது கடைசிச் சில நொடிகள் இழக்கப்படலாம்.

இவற்றுள் எதைத் தேர்வது என்பதில் ஒளியின் வேகம் தலையிடுகிறது. ஒளியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 5 மைக்ரோ நொடி ஆகும். போய்த் திரும்ப 10. முன்னர்க் கற்பனை செய்த குருபரப்பள்ளித் தொழிற்சாலை தன் படியைப் பெங்களூரில் வைத்தால், தொலைவு ஏறத்தாழ 80 கி.மீ.; ஒவ்வோர் உறுதியாக்கலிலும் 0.8 மில்லி நொடி கூடும். சென்னையில் வைத்தால் ஏறத்தாழ 270 கி.மீ.; 2.7 மில்லி நொடி கூடும். இவை கம்பி நேராகச் சென்றால் கிடைக்கும் குறைந்த அளவுகள். நடைமுறையில் கூடுதலாகவே இருக்கும். 0.1 மில்லி நொடியில் எழுதும் விலையுயர்ந்த சேமிப்பியை வாங்கிவிட்டுச் சென்னையோடு ஒத்திசைத்தால், ஒன்றையொன்று சார்ந்த பரிவர்த்தனைகள் நொடிக்கு 10,000 இலிருந்து 350 அளவுக்குக் குறைந்துவிடும். மறுபுறம், ஒரு பெருநகரம் முழுவதும் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் ஒரே நேரத்தில் இழக்கக்கூடும் என்பதை 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் காட்டியது. பக்கத்தில் வைத்தால் வேகம், தொலைவில் வைத்தால் பாதுகாப்பு. இதனாலேயே பெரிய நிதி நிறுவனங்கள் அருகில் ஒத்திசைப் படி ஒன்றும் தொலைவில் ஒத்திசையாப் படி ஒன்றும் வைக்கின்றன.

அத்தகைய ஏற்பாடும் முழுமையான காப்பன்று. மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தையில் 2021 பெப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டு, மாலை 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறைத் தொடர்ந்து முதன்மைச் சேமிப்பக வலையமைப்பைச் சேவையகக் கணினிகள் அணுக இயலாமற்போயிற்று என்றும், அதனால் தீர்வு நிறுவனத்தின் இடர் மேலாண்மை அமைப்பு செயலிழந்தது என்றும் சந்தை பின்னர் விளக்கமளித்தது. இணைப்பு அறுந்தால் தனியே இயங்க வேண்டிய சேமிப்பகம், இணைப்பு அறுந்ததாலேயே நின்றது. படியாக்க இணைப்பு முற்றிலும் அறும் நிலையைவிட, விட்டுவிட்டு வரும் நிலையைச் சோதிப்பது கடினம். ஆகவே அது பெரும்பாலும் சோதிக்கப்படாமலே விடப்படுகிறது.

அளவிடல்

சேமிப்பகத்தை வாங்கும் முன்பும் பின்பும் அளவிட ஃபியோ என்னும் கட்டற்ற மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. தரவுத்தளத்தோடு சேர்த்து அளவிடப் போசுகிரெசுக்கு பிஜிபெஞ்ச் என்னும் கருவியும், மைஎசுக்யூஎல்லுக்கு சிசுபெஞ்ச் என்னும் கருவியும் உள்ளன. சோதனைத் தரவு நினைவகத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் அளக்கப்படுவது வட்டன்று, நினைவகமே. சராசரி விடைநேரத்தோடு மிக மெதுவான ஒரு விழுக்காட்டுக் கோரிக்கைகளின் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு திரையை நிரப்ப நூறு வினவல்கள் தேவைப்படும் பயன்பாட்டில், அந்த ஒரு விழுக்காட்டைப் பெரும்பாலான பயனர்கள் ஒவ்வொரு முறையும் சந்திப்பர். மின்கம்பியைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையையும் விட்டுவிடலாகாது: எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இயக்கி, உறுதியாக்கியதாக அறிவிக்கப்பட்ட பரிவர்த்தனைகள் அனைத்தும் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதை உண்மைத் தரவு ஏற்றப்படுவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.